திருமலை மானுக்குக் கலர் நிரப்ப: கிரிட்டாவா, இங்க்ஸ்கேப்பா, ஜிம்ப்பா?

கார்ட்டூன் வரைய மென்பொருள் தேடுகிறவர்கள் முதலில் எண்ணுவது பிரஷ்களைத்தான். கார்ட்டூனில் நேரத்தைத் தின்பது கோடு அல்ல, கோட்டுக்குள் கலர் நிரப்பும் வேலை. அதனால் கிரிட்டா, இங்க்ஸ்கேப், ஜிம்ப் என்ற மூன்று வரைதல் மென்பொருள்களையும் கலர் நிரப்பும் விதத்தை வைத்தே எடைபோட வேண்டும். சோதனைக்குத் திருமலையில், அதாவது இலங்கையின் திருகோணமலையில், பிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானைவிட நல்ல உருவம் கிடையாது: நீளமாக வளையும் கொம்பு, மெல்லிய கால், உடம்பு முழுக்க எண்பது தொண்ணூறு வெள்ளைப் புள்ளி, பின்னால் கடல்.

மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். வரைந்த படம் உங்களுடையது. ஸ்டிக்கராகவோ டீசேர்ட்டாகவோ விற்கலாம். கிரிட்டாவை ஸ்டீமிலும் மைக்ரோசொஃப்ட் ஸ்டோரிலும் காசுக்கு விற்கிறார்கள். அதன் சொந்தத் தளத்தில் அதே சாமான் இலவசம், கிரெடிட் கார்ட் தேவையில்லை.

பேனா டேப்லெட் வைத்திருப்பவருக்குக் கிரிட்டாதான். ஏ4 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2480க்கு 3508 பிக்சல், ஆர்ஜிபி 8 பிட் என்று தாளைத் திறவுங்கள். கோட்டுக்கென்று தனி லேயர், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்ற ஒன்று. ஜி-பென் பிரஷை எடுத்து, டூல் ஆப்ஷனில் பிரஷ் ஸ்மூதிங்கை ஸ்டெபிலைசருக்கு மாற்றினால் கொம்பு நடுங்காமல் ஒரே இழுப்பில் வரும். கோடு பேனாவுக்குப் பின்னால் கொஞ்சம் இழுபட்டு வருவது பிழையல்ல, அது வேலை செய்யும் விதமே அப்படி. காதோர மயிர் போன்ற குட்டிக் கோடுகளுக்குத் திரும்ப பேசிக்குக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் முனை எல்லாம் மழுங்கும். பேனாவை அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லையா? டேப்லெட்டைக் குறைசொல்ல முதல், விண்டோஸ் என்றால், செட்டிங்ஸில் டேப்லெட் பகுதிக்குப் போய், பேனாவின் அழுத்தத்தைப் படிக்கும் வின்டேப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டு முறைகளில் மற்றதற்கு மாற்றி, கிரிட்டாவை மூடித் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

கிரிட்டாவின் உண்மையான பலம் கலரைஸ் மாஸ்க். கோட்டு லேயரில் ரைட் கிளிக் செய்து அதைச் சேர்த்து, அதற்குரிய டூலை எடுத்து, உடம்பில் பழுப்பாக ஒரு கீறல், வயிற்றில் வெள்ளையாக ஒன்று, கடலில் நீலமாக ஒன்று, மானுக்கு வெளியே வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கலரில் ஒன்று. அந்தக் கடைசிக் கலரை டிரான்ஸ்பரன்ட் என்று குறித்துவிட்டு அப்டேட்டை அழுத்தினால் கீறல்கள் பரவிக் கோடு வரை போய் நிற்கும். கோட்டில் சின்ன இடைவெளி இருந்தாலும் கலர் வெளியே வழியாது. இடைவெளி பெரிதென்றால் கேப் க்ளோஸ் ஹின்ட்டைக் கூட்ட வேண்டும். திருப்தி வந்ததும் பெயின்ட் லேயராக மாற்றி, ஸ்ப்ளிட் லேயர் கொடுத்தால் கலருக்கொரு லேயராகப் பிரிந்துவிடும். நிழல் போட அதைவிட வசதி வேறில்லை.

புள்ளிகளில்தான் ஆட்கள் மாட்டுப்படுவார்கள். தொண்ணூறு புள்ளிக்கும் வட்டக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைக் கீறல் வைத்தால் மாஸ்க் ஆமையாகிவிடும், ஒன்றிரண்டு புள்ளியைப் பழுப்பு விழுங்கியும் விடும். புள்ளிக்குக் கோடே வேண்டாம். உடம்புக் கலருக்கு மேலே ஒரு லேயர் போட்டு, இன்ஹெரிட் அல்ஃபாவை இயக்கி, இரண்டு லேயரையும் ஒரே குரூப்பில் வைத்துப் பிரஷால் தட்டிக்கொண்டு போங்கள். உடம்புக்கு வெளியே ஒரு புள்ளியும் சிந்தாது.

மாஸ்க் வேண்டாம், வாளியால் (ஃபில் டூலால்) ஊற்றுகிறேன் என்பவர்களுக்குக் கோட்டோரம் வெள்ளை நூல்போல ஒன்று மிஞ்சும். கோட்டின் ஓரப் பிக்சல்கள் பாதி ஒளிபுகும். வாளி அங்கேயே நின்றுவிடுகிறது. க்ரோ செலக்ஷனை 2 பிக்சல் வைத்து, கலரைக் கோட்டுக்குக் கீழுள்ள லேயரில் ஊற்றினால் நூல் மறைந்துவிடும்.

மவுஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் கிரிட்டாவோடு மல்லுக்கட்டாமல் நேரே இங்க்ஸ்கேப்புக்குப் போங்கள். மானின் உடம்பு ஒரு பெரிய முட்டை வட்டம், கழுத்து ஒன்று, தலை ஒன்று. மூன்றையும் செலக்ட் செய்து, 1.3 பதிப்பில் வந்த ஷேப் பில்டரால் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்தால் ஒட்டிக்கொள்ளும், ஷிப்டோடு இழுத்தால் வெட்டுப்படும். கலர் நிரப்பும் பாடே இல்லை, உருவமே கலர்தான். புள்ளிக்கு இங்கே இன்னும் சுகம்: ஒரு வெள்ளை வட்டம் வரைந்து, ஸ்ப்ரே டூலைக் குளோன் முறையில் வைத்து உடம்பின்மேல் தெளித்து, உடம்பின் நகலொன்றால் கிளிப் செய்துவிடுங்கள், வெளியே சிந்தியது மறைந்துவிடும். பிறகு முதல் வட்டத்தின் வடிவத்தை மாற்றினால் தெளித்த புள்ளிகள் எல்லாம் தாமாக மாறும். வாடிக்கையாளர் "புள்ளி கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லம்" என்று சொல்லும் நாளில் இதன் அருமை தெரியும்.

இங்க்ஸ்கேப்பின் பெயின்ட் பக்கெட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது திரையில் தெரிவதைப் பார்த்து நிரப்புகிறது; தூரத்திலிருந்து ஊற்றினால் ஓரம் கரடுமுரடாகும். நன்றாக ஜூம் செய்த பிறகே ஊற்ற வேண்டும். பென்சில் டூலில் ஸ்மூதிங் குறைவாக இருந்தால் ஒரு கொம்புக்கே இருநூறு நோட் (கோட்டை வளைக்கும் புள்ளி) விழுந்து ஃபைல் நகராது. கன்ட்ரோல் எல் நோட்டைக் குறைத்துத் தரும், ஆனால் இரண்டு மூன்று முறை அழுத்தினால் கொம்பு முருங்கைக்காயாகிவிடும்.

ஜிம்ப்பை நீட்டிப் பேச வேண்டியதில்லை. தாளில் பென்சிலால் வரைந்து ஸ்கேன் செய்கிறவருக்கு மட்டும் அது முதல் தெரிவு. லெவல்ஸில் தாளின் சாம்பல் நிறத்தை வெளுத்து, கலர் டு அல்ஃபாவால் வெள்ளையை எடுத்து, பக்கெட் ஃபில்லில் லைன் ஆர்ட் டிடெக்ஷனைத் தெரிவு செய்தால் பென்சில் விட்ட இடைவெளிகளை அதுவே மூடி நிரப்பும். வெறுந்தாளிலிருந்து கார்ட்டூன் தொடங்க அதில் ஒரு சுகமும் இல்லை.

பழைய லெப்டொப்காரர்களுக்கு ஒரு கணக்கு. ஏ4 தாளில் முழுக்க நிரம்பிய ஒரு லேயர் ஏறத்தாழ 35 எம்பி ரேம் பிடிக்கும். 4 ஜிபி மெஷினிலும் பத்துப் பதினைந்து லேயரோடு காலந்தள்ளலாம். ஆனால் கோயில் திருவிழாவுக்கு ஆறடிக்கு நாலடி பனர் என்று 300 டிபிஐயில் கிரிட்டாவைத் திறந்தால் 21,600க்கு 14,400 பிக்சல். ஒரு லேயரே 1.2 ஜிபியைத் தாண்டும், மெஷின் படுத்துவிடும். தள்ளிநின்று பார்க்கும் பனருக்கு 100 டிபிஐ தாராளம், அப்போது லேயருக்கு 138 எம்பிதான். இங்க்ஸ்கேப் படத்தைப் பிக்சலாக அல்ல, வடிவமாகவே வைத்திருப்பதால் அதில் இந்தத் தலையிடியே இல்லை. மானை ஸ்டிக்கர் அளவிலும் பனர் அளவிலும் ஒரே ஃபைல் கொடுக்கும்.

பேச்சுக் குமிழி எங்கே எழுதுவது? கிரிட்டாவில் 5.2 பதிப்போடு எழுத்து இயந்திரத்தைப் புதிதாக எழுதினார்கள். ஆனாலும் தமிழ் வசனத்தை இங்க்ஸ்கேப்பில் போடுவதே லேசு. கிரிட்டாவில் முடித்த படத்தை பிஎன்ஜியாக எடுத்து உள்ளே கொண்டுவந்து, மேலே குமிழி வரையுங்கள். பலூ தம்பி போன்ற உருண்டை எழுத்துரு கார்ட்டூனுக்குப் பொருந்தும். குமிழியை அகலமாகவே வைக்க வேண்டும்: "திருகோணமலையிலிருந்து" என்ற ஒரு சொல் போதும், ஒடுக்கமான வட்டத்தை உடைத்துவிடும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று எழுத்துரு. யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் அடித்த வசனம் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடாக இருந்தாலும் சரி, எழுத்தைச் செலக்ட் செய்து, அதை வடிவமாக மாற்றும் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்த பிரதியையே அனுப்புங்கள்; திருத்தக்கூடிய மூலப் பிரதி உங்களிடம் இருக்கட்டும். மற்றது நிறம். நிலாவெளிக் கடலின் பச்சை நீலம் திரையில் மின்னும், அச்சகத்தின் நான்கு நிற மையான சிஎம்ஒய்கேயில் அப்படி வராது. கிரிட்டாவில் கன்ட்ரோல் வை அழுத்தினால் அச்சில் எவ்வளவு மங்கும் என்று முன்கூட்டியே காட்டும். அதைப் பார்த்தபடி கடலின் நீலத்தைத் தெரிவு செய்தால் பிறகு அச்சகத்தோடு வாய் காட்டத் தேவையில்லை. பிஎன்ஜி சிஎம்ஒய்கேயைத் தாங்காது, அச்சகம் அதைத்தான் கேட்டால் கிரிட்டாவிலிருந்து டிஃப் (TIFF) ஃபைலாக எடுங்கள்.