இன்டர்ஸ்டெல்லரா, தி மார்ஷியனா?

ஹட்டன் பக்கம் மழை விடாத ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த இரண்டு விண்வெளிப் படங்களில் எது என்று கேட்டால், என் ஓட்டு 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) பக்கம்தான். 169 நிமிடம், கொஞ்சம் நீளம். கருந்துளை விளக்கம் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் பூமியின் 7 ஆண்டுகளுக்குச் சமமான கிரகத்தில் இறங்கித் திரும்பும் அப்பா, 23 ஆண்டுகளாகச் சேர்ந்த பிள்ளைகளின் வீடியோச் செய்திகளைப் பார்த்து உடைந்துபோகிறாரே, அந்த ஓர் இடம் போதும். அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போக, போனில் முகம் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நம் தேயிலைத் தோட்டங்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

'தி மார்ஷியன்' (2015) வேறு ரகம். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவர் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிறார். நுவரெலியாவில் கிழங்கு போடுபவர்கள் ரசிப்பார்கள், குறையும் சொல்வார்கள். சிரிப்பு நிறைய, கண்ணீர் குறைவு. நடுவில் பிளேன்டீ போட எழுந்து போனாலும் கதை விட்டுப்போகாது.