பெங்களூர்ல எம்பிஏ: படிச்சு முடிச்சு மூணு வருஷம் ஆகப்போற நேரத்துல ஒரு ரிவ்யூ

சித்தி பொண்ணு கரூர்ல இருந்து மெசேஜ் போட்டிருக்கா, "அக்கா பெங்களூர்ல எம்பிஏ பண்ணலாமா, நீ பண்ணது ஒர்த்தா"ன்னு. பதிலுக்கு வாய்ஸ் நோட் போட ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போச்சு, சரி எழுதியே போட்டுடலாம், இதே கேள்விய ஆபீஸ்ல ஜூனியர் பசங்களும் கேக்கறாங்க. கேட், எக்ஸாட், கேமேட்னு எம்பிஏ நுழைவுத் தேர்வெல்லாம் எப்படி எழுதறதுன்னு ஆயிரம் வீடியோ இருக்கு, அங்க பாத்துக்கங்க. பிஜிடிஎம்னு டிப்ளமோ குடுத்தா எம்பிஏவ விட மட்டம்னு சொல்ற மாமாக்கள மட்டும் கண்டுக்காதீங்க, 2017 சட்டம் வர்ற வரைக்கும் ஐஐஎம்களே டிகிரி குடுக்கல, டிப்ளமோதான். ஐஐஎம் பெங்களூர் கிடைக்குதுன்னா இத படிக்கவே வேணாம், போய் சேருங்க. நான் சொல்லப்போறது தெருவுக்கு ரெண்டு இருக்கிற பிரைவேட் காலேஜ்ல ஒண்ண பத்தி. பேர் சொல்ல மாட்டேன், இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க.

என் பிரச்சனை ஒண்ணே ஒண்ணுதான். சிபி. கிளாஸ் பார்டிசிபேஷன்.

நூத்துக்கு 20 மார்க், வாயத் திறந்து பேசறதுக்கு. ஒவ்வொருத்தர் முன்னாடியும் பேர் எழுதின அட்டை நிக்கும், ஓரத்துல டீச்சிங் அசிஸ்டென்ட் ஒருத்தர் சீட்டிங் சார்ட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, யாரு பேசறாங்களோ அந்தக் கட்டத்துல ஒரு கோடு. என்ன பேசினாங்கங்கறதுக்கு கோடு கிடையாது, பேசினாங்களாங்கறதுக்குதான். அப்புறம் என்ன ஆகும், விஷயம் முதல் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், மிச்ச நேரம் பூரா "ஆடிங் டு ஹிஸ் பாயிண்ட்", "ஐ வுட் லைக் டு பில்ட் ஆன் தட்"னு முன்னாடி பேசினவன் சொன்னதையே சட்டை மாத்தி போட்டு திரும்ப கூட்டிட்டு வருவாங்க. கேஸ், அதாவது கிளாஸ்ல அலசக் குடுக்கற ஒரு கம்பெனி கதை, அந்த பேப்பர் எத்தன பக்கம்னு கூட பாக்காதவன் முன் வரிசைல உக்காந்து முதல் கையத் தூக்குவான், ஏன்னா முதல்ல பேசினா மேலோட்டமா எது சொன்னாலும் செல்லும், லேட்டா பேசினாதான் படிச்சிருக்கணும்.

செகண்ட் டேர்ம்ல நோக்கியா கேஸ். கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 2007ல ஐபோன் வந்துச்சு, இவங்க சிம்பியன்ங்கற பழைய போன் சாஃப்ட்வேர விடாம புடிச்சுக்கிட்டு இருந்தாங்க, கடைசில போன் பிசினஸ மைக்ரோசாஃப்ட்டுக்கு வித்தாங்க. என் பெரியப்பா பையன் ஸ்ரீபெரும்புதூர் பிளான்ட்ல லைன்ல நின்னு வேலை பாத்தவன். 2006ல உற்பத்தி ஆரம்பிச்ச பிளான்ட் அது, இன்கம் டாக்ஸ் தகராறுல சொத்து முடங்கி, மைக்ரோசாஃப்ட் டீல்ல சேக்க முடியாம தனியா மாட்டிக்கிட்டு, 2014 நவம்பர் 1ந்தேதி மொத்தமா நின்னுச்சு. ஒரு டாக்ஸ் தகராறு ஒரு உலக டீலோட வடிவத்தையே மாத்திடும், அதுல வேலை போறது ஸ்ட்ராட்டஜி தப்பா போட்டவனுக்கு இல்ல, ஒரகடம் பக்கம் ரூம் எடுத்து தங்கியிருந்த பையனுக்குன்னு சொல்ல எனக்கு அன்னைக்கு விஷயம் இருந்துச்சு. நான் படிச்சது பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். வாக்கியத்த மனசுக்குள்ள இங்கிலீஷ்ல கோத்து, கைய தூக்கி, சார் பாக்கறதுக்குள்ள விவாதம் "லெசன்ஸ் ஃபார் ஸ்டார்ட்அப்ஸ்"க்கு போயிடுச்சு. "இன்னோவேட் ஆர் பெரிஷ்"னு சொன்ன புண்ணியவானுக்கு கோடு விழுந்துச்சு, அதையே கொஞ்சம் கழிச்சு வேற மாதிரி சொன்னான், அதுக்கும் ஒண்ணு.

நியாயமா பேசணும்னா, இந்த முறையே தப்புன்னு சொல்லிட முடியாது. கேஸ் வச்சு நடத்தறது 1920கள்ல ஹார்வர்ட்ல வளந்த பழக்கம், அங்க ஒரு செக்‌ஷன்ல சுமார் தொண்ணூறு பேர் இருந்தாலும் பல பாடத்துல பாதி மார்க் வரைக்கும் பேச்சுக்கே குடுக்கறாங்க. ஆனா அங்க யார் என்ன சொன்னாங்கன்னு எடை போட்டுதான் மார்க். எங்க காலேஜ்ல வந்து இறங்குனது அந்தக் கோடு மட்டும்தான்.

சரி காலேஜோட ஒழிஞ்சுதுன்னு பாத்தா, இல்ல. இப்ப அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஆபீஸ், திங்கக்கிழமை காலைல ஒரு கால், முப்பது பேர், மேனேஜர் முடிவ சொல்லி முடிச்சாச்சு, நான் லேப்டாப்ப மூடப் போவேன், அப்ப ஒருத்தர் அன்மியூட் பண்ணுவாரு "ஜஸ்ட் டு ஆட் டு தட்". அடுத்து இன்னொருத்தர். லிங்க்ட்இன்ல போய் பாத்தா எல்லாம் எம்பிஏ. யாரு மடியில சார்ட் இருக்குன்னுதான் இன்னும் கண்டுபிடிக்க முடியல. இன்னும் கொடுமை என்னன்னா அப்ரைசல்ல எனக்கு வந்த ஃபீட்பேக் "ஷுட் பி மோர் விசிபிள் இன் மீட்டிங்ஸ்". அப்ப காலேஜ்காரன் சரியாதான் பயிற்சி குடுத்திருக்கான்னு ஆகுது, அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

இப்ப நல்லத சொல்றேன், சொல்லலைன்னா பாவம். மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் எடுத்தவர் ஒரு கன்னடக்காரர், ஒரு பப்ளிக் செக்டார் கம்பெனில இருந்து ரிட்டயர் ஆனவர், முழுக்கை சட்டை, கைல சாக்பீஸ், பிபிடியே கிடையாது. அவர் கிளாஸ்ல சிபி மார்க் வாங்க பேச வேணாம், தெரிஞ்ச ஒரு கடை இல்ல கம்பெனி கணக்க கொண்டு வந்து போர்டுல போட்டுக் காட்டணும். யாராவது இங்கிலீஷ்ல சுத்த ஆரம்பிச்சா "லெக்க ஹாக்கி நோடி"ம்பாரு, கணக்கு போட்டுப் பாருன்னு அர்த்தம், அவ்வளவுதான், வாய் மூடிடும்.

நான் அப்பாவோட கணக்க எடுத்தேன். அப்பாவுக்கு கரூர்ல சின்ன தறி யூனிட், எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு பெட்ஷீட், கிச்சன் டவல் துணி ஓட்டிக் குடுக்கறது. போன் பண்ணி "சரக்கு குடுத்தா எத்தன நாள்ல பணம் வருதுங்ப்பா"ன்னேன். "அது வரப்ப வருங்கண்ணு"ன்னாரு. சரின்னு அம்மாவ விட்டு நீள நோட்ட ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன், பாதி பக்கத்துல மொத்தம் போடற கட்டத்து மேல அம்மாவோட கட்டைவிரல். அத வச்சு ராத்திரி பூரா தங்கியிருந்த பிஜி ஹாஸ்டல்ல உக்காந்து எடுத்தேன். நூல் எடுத்தா ஏஜென்ட்டுக்கு 15 நாள்ல குடுத்தாகணும், நூலும் துணியுமா குடோன்ல சராசரி 40 நாள் கிடக்குது, துணி போனப்புறம் பணம் வர 90 நாள். 40ம் 90ம் கூட்டி 15 கழிச்சா 115 நாள். ஒரு நாள் செலவு சுமாரா 20,000னு வச்சா எந்நேரமும் 23 லட்சம் வெளிய மாட்டிக்கிட்டு இருக்கு, அத பேங்க் ஓவர்டிராஃப்ட் கடன்ல 11 பர்சென்ட்டுக்கு ஓட்டினா வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் வட்டிக்கே போகுது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எங்க வீட்ல "லாபம் வருது, கைல காசு நிக்க மாட்டேங்குது"ன்னு ஒரு புலம்பல், ஜோசியர் கிட்ட எல்லாம் கேட்டாச்சு. விடை அந்த ஒரு கழித்தல் கணக்குல இருந்துச்சு. அப்பா கிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அப்ப லாபம் இருக்குதுங்கற, காசு அடுத்தவன் பாக்கெட்ல நிக்குதுங்கற"ன்னாரு. வொர்க்கிங் கேபிடலுக்கு, அதாவது தொழில் ஓட வெளிய மாட்டிக்கிட்டு இருக்கிற பணத்துக்கு, இத விட நல்லா எந்த புக்லயும் எழுதல.

இது எனக்கு இன்னைக்கு வரைக்கும் சோறு போடுது. நான் படிச்சு முடிச்சப்புறம், 2024 ஏப்ரல்ல இருந்து இன்கம் டாக்ஸ் சட்டத்துல 43பி எச்-னு ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்துச்சு, சின்ன யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லாட்டி 15 நாள், அதுக்குள்ள பணம் குடுக்காத பையர் அந்த வருஷம் அத செலவா காட்ட முடியாது, குடுத்த வருஷத்துலதான் காட்டலாம். செய்திய படிச்ச அன்னைக்கே அப்பாவுக்கு உத்யம் (சின்ன யூனிட்டுன்னு அரசாங்கத்துல பதியறது) ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர பில்லுல அச்சடிக்க வச்சேன். ஒரு பார்ட்டி ஒழுங்கா குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இன்னொருத்தர் "அந்த நம்பர எடுத்துட்டு பில்லு போடுங்க, இல்லாட்டி ஆர்டர் வேற பக்கம் போயிடும்"னு நாசூக்கா சொல்லிட்டாரு. அப்பா எடுத்துட்டாரு. இதுக்கு எந்த கேஸ் ஸ்டடிலயும் விடை இல்ல.

காசு விஷயம் சுருக்கமா. 7.5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம எஜுகேஷன் லோன் குடுப்பாங்க, ஆனா படிக்கிற காலத்துலயும் வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும், முடிஞ்சா அத மாசாமாசம் கட்டிடுங்க. கட்டின வட்டிக்கு இன்கம் டாக்ஸ்ல கழிவு உண்டுன்னு பேங்க்ல இனிக்க இனிக்க சொல்வாங்க, அது பழைய டாக்ஸ் ரெஜிம்ல மட்டும்தான், புதுசுல கிடையாது. ப்ளேஸ்மென்ட் புத்தகத்துல "ஆவரேஜ்" பேக்கேஜ நம்பாதீங்க, நாலு பேர் பெருசா வாங்கினா ஆவரேஜ் மேல போயிடும், மீடியன் கேளுங்க, அதாவது சம்பளத்த வரிசையா நிறுத்தினா நடுவுல நிக்கறது. அரசாங்கம் போடற என்ஐஆர்எஃப் ரேங்கிங்ல கலந்துக்கிற காலேஜ் எல்லாம் மீடியன் சம்பளத்த குடுத்தாகணும், அந்த பிடிஎஃப் ஓப்பனா கிடைக்கும். அப்புறம் சீட்ட பிடிக்கறேன்னு ஒரிஜினல் மார்க்‌ஷீட்ட குடுத்துட்டு வந்துடாதீங்க, வாங்கி வச்சுக்க அவங்களுக்கு உரிமையே இல்ல.

அப்ப சேரலாமான்னா, வேணாம். ஆமா, அப்பா கணக்கு கதைய இவ்ளோ நேரம் சொன்னது நான்தான், தெரியுது, இருந்தாலும் வேணாம். அந்த ஒரு வாத்தியாருக்கு அஞ்சுக்கு ஆறு கூட குடுப்பேன், ஆனா ரெண்டு வருஷம் பூராவும் அவரே எடுக்கல. மொத்தத்துக்கு 5க்கு 2. இன்னைக்கு இஎம்ஐ போன நாள், பத்து தேதிக்கு மேல கேட்டிருந்தா மூணு குடுத்திருப்பேன்.