ரயில் நிலையத்தில் ஆண், பெண் தனித்தனி அறைகள்: அப்பாவுடன் பயணம் செய்யும் மகளின் அனுபவம்

எனக்குக் காரைக்குடிப் பக்கம் ஊர், சென்னையில் வேலை. பல்லவன், சிலம்பு, ராமேஸ்வரம் வண்டிகள் என்று பல வருடங்களாக இந்தப் பாதையில் போய் வந்துகொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் தனியாகப் போனேன், பிறகு முழங்கால் வலிக்காரியான அம்மாவுடன். இப்போது பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்துபோன அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வருகிறேன். மூன்று நிலையிலும் நான் நம்பியிருந்தது ஸ்டேஷனில் இருக்கும் அதே காத்திருப்பு அறைகளையும் கழிப்பறைகளையும்தான். இதில் சொல்லும் குறைகள் எந்த ஸ்டேஷனில் நடந்தவை என்று பெயர் சொல்லவில்லை. வழியில் உள்ள பல இடங்களுக்கும் இவை பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கென்று தனி காத்திருப்பு அறை கட்டாயம் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராத்திரி வண்டி தாமதமாகும்போது பிளாட்பாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதும், உள்ளே நாலு பெண்களோடு உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல. கல்யாண சீசனில் நகையும் பட்டுமாகப் போகும் ஆச்சிமார் அந்த அறைக்குள் வந்த பிறகுதான் பையை மடியிலிருந்து இறக்கி வைப்பார்கள். ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வடநாட்டுப் பெண்கள் ஈரச் சேலையை மாற்றுவதும், கைக்குழந்தைக்காரி கூச்சமில்லாமல் பால் கொடுப்பதும் அங்கேதான். நம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்க, உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்களே, அந்த நிம்மதி இந்த அறையிலும் கிடைக்கும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 162-வது பிரிவு பெண்கள் பெட்டிக்கு மட்டுமானதில்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிய அறைக்கும் பிற இடத்துக்கும் சேர்த்தே பேசுகிறது. தெரிந்தே, தக்க காரணம் இல்லாமல் ஓர் ஆண் உள்ளே நுழைந்தால் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஊழியர் அவரை வெளியேற்றவும் செய்யலாம். போன் சார்ஜ் போட என்று உள்ளே வந்து உட்காரும் ஆண்களிடம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள்.

ஆனால் அறை இருப்பது வேறு, அது திறந்திருப்பது வேறு. பெண்கள் அறைக்கு ராத்திரியில் பூட்டு தொங்கும், சாவி யாரிடமோ இருக்கும். "ஆள் யாரும் வரலையேம்மா, அதான் பூட்டினோம்" என்பார்கள். பூட்டியிருப்பதால்தான் யாரும் வருவதில்லை என்று நானும் பதில் சொல்வேன். சில இடங்களில் சாவி கேட்கப் போனால் கொடுப்பவரும் ஆண், கூடவே வந்து திறந்துவிட்டு வாசலில் நிற்பவரும் ஆண். பின்னிரவில் தனியாகப் போகும் ஒரு பெண் இதையெல்லாம் கேட்டு வாங்கிப் போவாளா? போகமாட்டாள். சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவாள். எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் பயணத்துக்கு முன்னால் இதைத்தான் செய்கிறார்கள். சிறுநீரை அடக்கி அடக்கிக் கிருமித் தொற்று வந்து அவதிப்பட்டவர்களை எனக்கு நேரில் தெரியும்.

கழிப்பறைக்குள் என்ன வேண்டும் என்று கேட்டால் டைல்ஸையும் கண்ணாடியையும் நான் சொல்லமாட்டேன். தாழ்ப்பாள் விழ வேண்டும், விளக்கு எரிய வேண்டும், தண்ணீர் வர வேண்டும். கைப்பையும் துப்பட்டாவும் மாட்ட ஒரு கொக்கி வேண்டும். நாப்கின் போட மூடியுள்ள கூடை வேண்டும். இதில் கொக்கி ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் அது இல்லாமல் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவையும் பிடித்திருக்கும் சிரமம் பெண்களுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு மேற்கத்திய கழிப்பறை இல்லாவிட்டால் முடியாது. அது இருக்கும் இடத்திலும் பிடித்து எழ கைப்பிடி இருக்காது. நல்லவேளை, அம்மா விஷயத்தில் நான் கூடவே உள்ளே போக முடிந்தது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகுதான் தனித்தனி அறை என்ற ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் தெரிந்தது. அவரால் தனியாக வேட்டியை அவிழ்த்துக் கட்ட முடியாது, சறுக்கும் தரையில் நிற்கவும் முடியாது. ஆண்கள் கழிப்பறைக்குள் நான் போக முடியாது, போனால் உள்ளே இருப்பவர்களுக்கும் சங்கடம். பெண்கள் பக்கம் அவரைக் கூட்டிப் போவதும் நியாயமில்லை. நான் மேலே சொன்ன அதே நிம்மதி அங்கிருக்கும் பெண்களுக்கும் வேண்டுமே. அதனால் வாசலில் நின்றுகொண்டு, முகம் தெரியாத யாரையாவது பார்த்து, "அண்ணே, எங்கப்பாவைக் கொஞ்சம் பிடிச்சுக்குறீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. உதவி செய்ய மாட்டேன் என்று சொன்னவர்கள் குறைவு. ஒரு போர்ட்டர் அண்ணன் காசே வாங்காமல் செய்தார், அவரை மறக்க மாட்டேன். ஆனால் ஊரில் பெரிய மனுஷனாக நடமாடிய அப்பா, அந்நியர் ஒருவர் முன்னால் நிற்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

எங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். மனைவிக்குத் துணையாக வரும் வயதான கணவர், மனவளர்ச்சி குன்றிய மகனைத் தனியாக வளர்க்கும் தாய், பேத்தியோடு வரும் ஐயா. பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பையன் தாயோடு பெண்கள் பெட்டியில் போகலாம் என்று ரயில்வே விதி இருக்கிறது. அதே பையன் பதினைந்து வயதில் உடம்பால் வளர்ந்து மனதால் குழந்தையாகவே இருந்தால், அவனை எந்தக் கதவு வழியாக அழைத்துப் போவது? திருநங்கைகளின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல், திருநங்கைகளின் உரிமை பற்றிய நால்சா வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு திருநங்கை இரண்டு அறைக்குள்ளும் போகத் துணியாமல் ராத்திரி முழுக்கப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

இதற்குத் தீர்வு என்று நான் நினைப்பது ரயிலுக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியின் முனையில் இருக்கும் கழிப்பறையில் ஆண், பெண் என்று பிரிவு கிடையாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான், உள்ளே போனதும் தாழ்ப்பாள். அப்பாவோடு நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பல்லவன் காரைக்குடியிலிருந்தே புறப்படுவது எங்களுக்குப் பெரிய வசதி. வண்டி நிறுத்தி வைத்ததும் ஏறி, முதல் வேலையாக அதை முடித்துவிடுவோம். முன்பு ஸ்டேஷனில் நிற்கும் வண்டியில் இப்படிச் செய்தால் எல்லாம் தண்டவாளத்தில் விழும். இப்போது பயோ டாய்லெட் வந்துவிட்டதால் தொட்டியில் சேர்கிறது. 2016 ஜூலையில் நாட்டின் முதல் பசுமை ரயில் பாதையாக, அதாவது ரயில் கழிவு தண்டவாளத்தில் விழாத பாதையாக அறிவிக்கப்பட்டதே நமக்குப் பக்கத்தில் இருக்கும் 114 கிலோமீட்டர் மானாமதுரை–ராமேஸ்வரம் பாதைதான். அந்தத் தொட்டி வந்ததால் என் அப்பாவைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

ஸ்டேஷனிலும் இதையே செய்யலாம். பெண்கள் அறை, ஆண்கள் அறை இரண்டும் அப்படியே இருக்கட்டும். பெண்கள் அறையைப் பொது அறையாக்குவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். அவற்றோடு ஒரே ஒரு தனிக் கழிப்பறை, நேராகப் பிளாட்பாரத்திலிருந்து நுழையும்படி, துணைக்கு வருபவர் ஆணோ பெண்ணோ கூடவே உள்ளே போகும்படி இருந்தால் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையை இப்படிப் பொதுவாக அமைக்கச் சொல்லி மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளே இருக்கின்றன. ரயில் நிலையக் கழிப்பறைகள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவிலும் வருகிறது. நான் பார்த்த சில இடங்களில் அந்தக் கழிப்பறையும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதை ஆண்கள் பகுதிக்கு உள்ளே வைத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் துடைப்பமும் வாளியும் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? விளக்கு எரியவில்லை, தண்ணீர் இல்லை, பூட்டியிருக்கிறது என்றால் ரயில்வே உதவி எண் 139-க்கு அழையுங்கள், அல்லது ரயில்வே புகார்களுக்கான ரயில் மதத் செயலியில் ஸ்டேஷன் பெயரோடு படம் எடுத்துப் போடுங்கள். இந்த மாதிரிச் சின்னக் குறைகளுக்குப் பலன் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஒரு அறை கட்டுவது அந்த வழியில் நடக்காது. அதற்கு ரயில்வே கோட்ட மேலாளருக்கு மனு போக வேண்டும், கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுவில் இருப்பவர்கள் காதிலும் போட வேண்டும். காரைக்குடியும் புதுக்கோட்டையும் ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டப் பட்டியலில் இடம்பெற்றவை என்பதால் இதைக் கேட்க நமக்கு நியாயம் உண்டு. மனுவில் பொதுவாக "வசதி வேண்டும்" என்று எழுதாதீர்கள். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வாசல், உள்ளே இரண்டு பேர் நிற்க இடம், இரு பக்கமும் கைப்பிடி, வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு, ஒரு கொக்கி, ராத்திரியிலும் பூட்டாமல் இருக்க ஓர் உத்தரவு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.