டெரிவேடிவ் அறிக்கை: சொந்த நிரலா, பொது நிரலா?

பாரிஸ் வங்கி ஒன்றும் நியூயார்க் வங்கி ஒன்றும் வட்டி ஸ்வாப் (வட்டித் தொகைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் ஒரு டெரிவேடிவ்) ஒப்பந்தம் போடுகின்றன. ஒரே ஒப்பந்தம்தான். ஆனால் டெரிவேடிவ் ஒப்பந்தங்களைத் தெரிவிக்கச் சொல்லும் ஐரோப்பாவின் எமிர் விதிப்படி ஓர் அறிக்கை, அமெரிக்கச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமான சிஎஃப்டிசியின் விதிப்படி இன்னொன்று. 2024 ஏப்ரல் 29 முதல் எமிர் அறிக்கைக்கு மட்டும் 203 புலங்கள் (தகவல் கட்டங்கள்).

வழக்கமான வழி, ஒவ்வொரு வங்கியும் விதியைத் தானே படித்து, அறிக்கை தயாரிக்கும் கணினி நிரலைத் தானே எழுதுவது. உள்ளே இருக்கும் பழைய கணினி அமைப்புகளோடு இது நன்றாகப் பொருந்தும். சிக்கல் வெளியேதான். இரு தரப்பும் ஐரோப்பிய வங்கிகள் என்றால் இருவருமே அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரே புலத்தை இருவர் இருவிதமாகப் புரிந்துகொண்டால், அறிக்கைகளைச் சேகரிக்கும் பதிவகத்தில் இரண்டும் பொருந்தாது. அப்புறம் மின்னஞ்சல் போர்.

மாற்று வழி, சர்வதேச ஸ்வாப் சங்கமான இஸ்டாவின் டிஆர்ஆர் (டிஜிட்டல் ஒழுங்குமுறை அறிக்கை) என்ற பொது நிரல். உறுப்பினர்கள் கூடி விதியின் பொருளை ஒருமுறை முடிவு செய்து, இயங்கும் நிரலாகவே தருகிறார்கள். 2022-இல் அமெரிக்க விதியோடு தொடங்கி ஜப்பான், ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என விரிந்தது. நாடுகளுக்குப் பொதுவான புலங்களின் தர்க்கத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை.

இலவச விருந்து என்று நினைக்க வேண்டாம். வங்கியின் தரவை முதலில் சிடிஎம் என்ற பொதுத் தரவு மாதிரிக்கு மாற்றியாக வேண்டும். அந்தத் தலைவலி வங்கிக்கே. பொதுப் புரிதல் தவறினால் எல்லோரும் சேர்ந்தே தவறுவார்கள், திருத்துவதும் ஒரே இடத்தில்தான்.

ஒரே நாட்டில் சில ஒப்பந்தங்கள் மட்டும் என்றால் சொந்த நிரல் போதும். மூன்று நாடுகளைத் தாண்டினால் பொது நிரலைத்தான் எடுப்பேன்.