பவளத் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்? சமையலறை ஆர்.ஓ.வும் டி.ஐ. இணைத்த ஆர்.ஓ.வும்

200 லிட்டர் கொள்ளளவுள்ள பவளத் தொட்டி (வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) ஒன்றில் நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால் நன்னீரை ஊற்றி ஈடுகட்டுகிறோம். ஓராண்டில் அப்படி ஊற்றுவது ஏறத்தாழ 1,100 லிட்டர், அதாவது தொட்டியைப் போல் ஐந்தரை மடங்கு. அந்த நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கரைபொருள் இருந்தால், ஆண்டு முடிவில் 55 கிராம் உள்ளே சேர்ந்திருக்கும். அதில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடுமாக இருந்துவிட்டால் கவலையில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அது ஒரு பொருட்டே அன்று. கூடவே வரும் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் ஆகிய மூன்றும்தான் பாசிக்கு உரமாகின்றன.

வீட்டில் ஏற்கெனவே குடிநீருக்கு ஆர்.ஓ. இருக்கும்போது தொட்டிக்கென்று டி.ஐ. (சவ்வைத் தாண்டி வரும் அயனிகளை நீக்கும் ரெசின் மணிகள்) இணைத்த ஒன்று தனியாக எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால் சமையலறைக் கருவி நாக்குக்காக அமைக்கப்பட்டது. அவற்றுள் பலவற்றில், சவ்வு வடிகட்டிய நீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, சவ்வைத் தொடாமல் புற ஊதா விளக்கை மட்டும் கடந்த மூலநீரில் ஒரு பகுதியை மீண்டும் கலந்துவிடும் டி.டி.எஸ். (ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள பொருளின் மில்லிகிராம் அளவு) திருகு ஒன்று இருக்கிறது. புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்லுமே தவிர நைட்ரேட்டை அகற்றாது. சில கருவிகள் போதாக்குறைக்குத் தாது உப்புக் குப்பி ஒன்றையும் கடைசியில் வைத்திருக்கின்றன.

திருகை முழுதும் மூடி, குப்பியையும் கழற்றிவிட்டால் தூய சவ்வு நீர் கிடைக்கும். நல்ல சவ்வு மொத்த உப்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கும். நைட்ரேட்டையும் சிலிகேட்டையும் மட்டும் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. இந்தியக் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. அந்த எல்லையில் உள்ள நீரில் பத்தில் ஒன்பது பங்கைச் சவ்வு தடுத்தாலும் 4.5 மில்லிகிராம் எஞ்சும். 1,100 லிட்டருக்கு அது கிட்டத்தட்ட 5 கிராம்; நம் தொட்டியில் லிட்டருக்கு 25 மில்லிகிராம். மீனுக்கு ஒரு துளி உணவு போடுவதற்கு முன்பே இவ்வளவு!

டி.ஐ. ரெசின் இந்த எச்சத்துக்காகத்தான் இருக்கிறது. எஞ்சிய அயனிகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஹைட்ரஜனையும் ஹைட்ராக்சைடையும் அது விடுவதால் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டும். ரெசினின் ஆயுள் அதற்குள் நுழையும் உப்பின் அளவைப் பொறுத்தது: 10 டி.டி.எஸ். நீரில் ஐந்து மாதம் வரக்கூடியது, 50 டி.டி.எஸ். நீரில் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். ஆகவே போர்வெல் தண்ணீரை நேரடியாக ரெசினுக்குள் விடுவது காசைக் கரைப்பதற்குச் சமம். கரைந்த கரியமில வாயு சவ்வைத் தாண்டி வந்து ரெசினைத் தின்னும் என்பதையும் போர்வெல் நீர் பயன்படுத்துவோர் கணக்கில் வைக்க வேண்டும்.

ரெசினின் பெரிய குறை, அது தீரும் விதம். தளர்வாகப் பிடிக்கப்பட்ட சிலிகேட்டை, பின்னால் வரும் வலிய அயனிகள் முதலில் வெளியே தள்ளும். சிலிகேட் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாததால் மீட்டர் அப்போதும் 0 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் திடீரென்று பழுப்புப் படலம், அதாவது சிலிகேட்டைக் கொண்டு வளரும் டயட்டம் பாசி, படிந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ரெசினைத்தான். நிறம் மாறும் ரெசினை இரண்டு குப்பிகளில் அடுத்தடுத்து வைத்து, முதலாவது நிறம் மாறியதும் அதை மாற்றிவிடுவது பாதுகாப்பானது.

கழிவுநீர் விஷயத்தில் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை. கழிவு முழுவதும் சவ்விலிருந்து வருவதே, அதை வீடு துடைக்கப் பயன்படுத்தலாம். கேன் தண்ணீர் பெரும்பாலும் தாது சேர்த்த ஆர்.ஓ. நீரே. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றும் வழக்கம் மட்டும் அறவே கூடாது. அது செம்பும் அலுமினியமும் கலந்த சுருள்களில் வழிந்து வருவது, செம்போ பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு.

தூய நீர் ஊற்றியும் முடிப்பாசி வளர்ந்தால், மூலம் உணவிலோ கல்லிலோ இருக்கிறது. அதற்கு இரும்பு ஆக்சைடுத் துகள்களும், சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டியில்) விளக்கிட்டு வளர்க்கும் கீட்டோமார்ஃபா பாசியும் எதிரெதிர் வழிகள். துகள்கள் விரைவாக வேலை செய்யும், சிலிகேட்டையும் சேர்த்துப் பிடிக்கும், நைட்ரேட்டைத் தொடாது. பாஸ்பேட்டை அவை ஒரேயடியாக இறக்கினால் பவளங்கள் வெளிறுவதும் உண்டு. கீட்டோ நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய இரண்டு சத்துகளையும் மெதுவாக உறிஞ்சும்; அறுவடை செய்து வெளியே எறிந்தால்தான் அச்சத்துகள் தொட்டியை விட்டு நீங்கும். நைட்ரேட் முற்றிலும் தீர்ந்தால் அதன் வளர்ச்சி நின்று, பாஸ்பேட் அப்படியே தங்கிவிடும். அன்றாட வேலைக்குக் கீட்டோவையும், பாஸ்பேட் கட்டுமீறும்போது சில வாரங்களுக்கு மட்டும், குறைந்த அளவில், துகள்களையும் நான் தேர்வேன்.

சோதனைக் குப்பி 0 காட்டுகிறது என்று மகிழ்வதிலும் ஒரு பொறி உண்டு. கல் முழுக்கப் பாசி மூடிய தொட்டியில், சத்து பாசிக்குள்ளேயே இருப்பதால் நீரில் தென்படாமல் போகலாம். பாசியே இல்லாமல் உண்மையாகவே 0 ஆகிவிட்ட தொட்டிகளிலோ, டைனோஃபிளாஜெல்லேட் எனும் குமிழி கோத்த பழுப்புச் சளி இடம் பிடிப்பதை அடிக்கடி காண்கிறோம். அப்போது நைட்ரேட்டைத் துரத்திய கையே நைட்ரேட் கரைசலை வாங்கி ஊற்ற நேர்கிறது. அதனால் லிட்டருக்கு நைட்ரேட் 5 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 மில்லிகிராம் என்ற அளவையொட்டியே தொட்டியை வைத்திருக்க முயல்கிறேன். 0 என்ற எண் எனக்கு ஊற்றும் நன்னீரில் மட்டுமே வேண்டும்.