திருத்தும் பேனாவுக்கு எந்தப் பழுப்பு மை?

சிவப்பு மையில் திருத்துவதை விட்டு நான்கு வருஷமாகிறது. மொரீஷியஸில், ரோஸ் ஹில் ஊரில், சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் அதற்கப்புறம்தான், ஆகவே பிழை வரத்தான் செய்யும். ஒருமுறை ஒரு பக்கத்தில் முப்பது சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள், வகுப்பு முடியும்வரை திறக்கவில்லை. அன்றைக்கே சிவப்பை நிறுத்தினேன். நீலத்தில் திருத்தினால் பிள்ளை எழுதியது எது, நான் எழுதியது எது என்று தெரியாது. பச்சை எனக்கு ஒட்டவில்லை. மிச்சம் இருந்தது பழுப்பு.

பழுப்பு என்றால் ஒரே நிறம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். சாமரெல் ஏழு வண்ண மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காவியிலிருந்து ஊதா கலந்த கறுப்புவரை எல்லாமே பழுப்புதான். மையிலும் அப்படியே. பழுப்பு மை பெரும்பாலும் ஒற்றைச் சாயத்தில் வருவதில்லை; மஞ்சள், சிவப்பு, நீலம் எனப் பலவற்றைக் கலந்து செய்கிறார்கள். ஈரமான டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், வட்டம் வட்டமாகப் பிரிந்து ஓடும். எந்தச் சாயம் தூக்கலாக இருக்கிறதோ அதுதான் அந்த மையின் குணம். (கிரியோலில் பழுப்புக்கு ‘மரோன்’ என்பார்கள். எசமானிடமிருந்து தப்பி ஓடிய அடிமைக்கும் அதே சொல். ல மோர்ன் மலையில் ஒளிந்திருந்தவர்கள் அவர்கள்தான். இரண்டு சொல்லுக்கும் வேர் வேறு என்றாலும், ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மலை ஞாபகம் வந்துவிடுகிறது.)

முதலில் வாங்கியது ஜே. எர்பானின் ‘லீ த தே’. தேநீர் வண்டல் என்று அர்த்தம். பேருக்கு ஏற்ற நிறம்: புவா ஷேரித் தேயிலையைப் பால் விடாமல் காய்ச்சி, கோப்பையின் அடியில் கொஞ்சம் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி, லேசான பச்சை ஓடும் பழுப்பு. 30 மில்லி புட்டியின் முன்பக்கத்தில் பேனாவைச் சாய்த்து வைக்க ஒரு பள்ளம் உண்டு. பிரெஞ்சு மை என்பதால் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வைத்தால் கையில் வந்துவிடும். இதே நிறுவனத்தின் ‘கஃபே தேஸ் ஈல்’, அதாவது தீவுகளின் காப்பி, பேருக்காகவே நம் ஊர்க்காரர்களை இழுக்கும். ஆனால் என் வேலைக்கு இரண்டும் ஆகவில்லை. காரணம், புள்ளி.

நான் திருத்துவதில் பாதி புள்ளிதான். ‘பால்’ என்று எழுத வேண்டியதைப் ‘பால’ என்று எழுதி வைத்திருப்பான். அதன் தலையில் நான் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைக்கும்போது நிப்பு தாளைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறது, கோடு இழுக்கும் அளவுக்கு மை இறங்க நேரமில்லை. வெளிர் மையில் அந்தப் புள்ளி தாளோடு கலந்து போய்விடும். பிள்ளை பார்ப்பதே இல்லை, அடுத்த வாரமும் ‘பால’ வருகிறது. ஆக என் தேர்வில் முதல் கேள்வி, மூன்றடி தள்ளி வைத்தாலும் புள்ளி தெரிகிறதா என்பது. இரண்டாவது, ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை நிரம்பி அடைத்துக்கொள்கிறதா என்பது. மலிவான நோட்டுத் தாளில் மை பரவும், சுழி மூன்றா இரண்டா என்றே தெரியாமல் போகும்.

இந்தக் கணக்கில் டயமைனின் ‘ஏன்ஷியன்ட் காப்பர்’ முதலில் ஜெயித்தது. 1864 முதல் மை செய்கிற இங்கிலாந்துக்காரர்கள். சிவப்பு ஏறிய செம்பு நிறம், கோடு திரும்பும் இடத்தில் மை தேங்கி அடர்ந்து நிற்கும், புள்ளி குங்குமப்பொட்டு மாதிரி பளிச்சென்று உட்காரும். அழகென்றால் இதுதான் அழகு. ஆனால் பேனாவைத் திறந்து வைத்தபடி யோசிக்கிறவர்களுக்கு இது சரிப்படாது. நிப்பின் பிளவில் காய்ந்து பொருக்குக் கட்டும் என்பது இந்த மைக்கு உலகம் முழுக்க உள்ள பெயர். ரசம் பொங்கிக் காய்ந்த பாத்திர விளிம்பு போல இருக்கும் அது. தண்ணீரில் கழுவினால் போய்விடும், பேனாவுக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் இருபது நோட்டு குவிந்திருக்கும்போது நிப்பைத் துடைத்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? அதோடு, டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பு தூக்கலாகத் தெரியும். சிவப்பிலிருந்து தப்பித்து வந்தவள் மறுபடி அதன் வாசலில் போய் நிற்பானேன்?

பைலட்டின் இரோஷிசுகு வரிசையில் ‘யாமா-குரி’ நேர் எதிர். காட்டுச் செஸ்ட்நட் கொட்டையின் நிறமாம், ஊதா கலந்த கரும்பழுப்பு. மை தாராளமாக இறங்கும், எழுதுவது வெண்ணெய். ஆனால் மெல்லிய நிப்பில் கறுப்பாகத்தான் படிக்கிறது. பழுப்பு என்று நான் சொன்னால்தான் தெரியும். அந்தத் தாராளமே நோட்டுத் தாளில் சுழிகளை அடைத்தும் விடுகிறது. நல்ல தாளில் கடிதம் எழுதுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சரி, கடைசியில் எதில் திருத்துகிறேன்? வாட்டர்மேனின் ‘ஆப்சல்யூட் பிரவுன்’. முன்பு ‘ஹவானா பிரவுன்’ என்று பெயர். பார்த்ததும் மயங்க வைக்கும் நிறம் இல்லை. பதமாக வறுத்த காப்பிப்பொடி நிறம், அவ்வளவுதான். நீலத்தின் பக்கத்தில் வைத்தால் நீலமாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை. புள்ளி தெரிகிறது, சுழி திறந்திருக்கிறது, ஒரு வாரம் மூடி வைத்த பேனா முதல் கோட்டிலேயே எழுதுகிறது. 50 மில்லி புட்டியைப் பட்டை பட்டையாகச் செய்திருப்பதால் மை குறைந்ததும் சாய்த்து வைத்துக் கடைசிவரை உறிஞ்சலாம். விரலில் பட்டால் சோப்பு போட்டுப் போய்விடும்.

அந்தப் போய்விடும் குணமே அதன் குறையும். கியூர்பிப் தூறலில் நனைந்த பையிலிருந்து எடுத்த நோட்டில் என் திருத்தங்கள் எல்லாம் தேநீர்க்கறையாகக் கிடந்தன. திருத்தத்துக்கு அதனால் நஷ்டமில்லை. வருகைப் பதிவேட்டுக்கு அப்படி விட முடியாது. அதற்குப் பிளாட்டினத்தின் ‘செபியா பிளாக்’. இது இரும்பு சேர்ந்த மை: எழுதும்போது வெளிர்பழுப்பு, காற்று பட்டதும் கறுத்துத் தாளில் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். மாதக்கணக்கில் பேனாவிலேயே விட்டுவைக்காமல் அவ்வப்போது கழுவ வேண்டும்.

எந்த மை வாங்கினாலும், ஃபில்லரால் ஊற்றுகிற எபனைட் (கெட்டி ரப்பர்) பேனா வைத்திருப்பவர்கள் பாதிக்குக் கீழே மையை விடாதீர்கள். உள்ளே காற்று நிறைய இருந்தால் கைச்சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும், பிப்ரவரி வெயிலில் கேட்கவே வேண்டாம். சோம்பேறித்தனத்தால் நான் விட்டேன். ஒரு பையனின் ‘என் குடும்பம்’ கட்டுரை நடுவே சொத்தென்று விழுந்தது. அவன் குனிந்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “மிஸ், காப்பியா?”

லீ த தே புட்டி இன்னும் பாதி இருக்கிறது. அத்தைக்குப் பொங்கல் கடிதம் எழுத எடுப்பேன். அவருக்குப் புள்ளி இல்லாமலே படிக்கத் தெரியும்.