போஸ்ட்டாக் சம்பளத்தில் கையில் நிற்பது எவ்வளவு: ஊர், அமெரிக்கா, ஜெர்மனி

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் தென்னந்தோப்புக்காரர்கள், கடைக்காரர்கள், வாளையாறு தாண்டி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள்தான் வருவார்கள். இப்போது பிஎச்.டி. முடித்து, போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆராய்ச்சி வேலைக்குப் போகிற பிள்ளைகளும் வருகிறார்கள். கையில் இரண்டு மூன்று ஆஃபர் லெட்டர் இருக்கும். ஒன்று கஞ்சிக்கோட்டு ஐஐடி மாதிரி பக்கத்து இடம், ஒன்று அமெரிக்கா, இன்னொன்று பெரும்பாலும் ஜெர்மனி. "இதில் எதற்கு வரி கம்மி அண்ணா?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் கடிதம் உங்களைச் சம்பளம் வாங்கும் ஊழியராக எடுக்கிறதா, உதவித்தொகை வாங்கும் ஃபெலோவாக எடுக்கிறதா? மூன்று நாட்டிலும் பிடித்தம் அதை வைத்துத்தான் மாறுகிறது. வரியைவிட, வரியோடு சேர்ந்து வருகிற அல்லது வராமல் போகிற மற்ற விஷயங்கள் பெரியவை.

உள்ளூரில்: வரிக்காகக் கவலைப்பட வேண்டாம், டிடிஎஸ்ஸை (பணம் தரும்போதே பிடிக்கும் வரியை) பாருங்கள்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 ஜனவரி 1 முதல் நிர்ணயித்த கணக்குப்படி ரிசர்ச் அசோசியேட்டுக்கு (போஸ்ட்டாக்குக்கு இங்கே உள்ள பதவிப்பெயர்) முதல் நிலையில் மாதம் 58,000, இரண்டாம் நிலையில் 61,000, மூன்றாம் நிலையில் 67,000 ரூபாய். வாடகைப்படி தனி. மூன்றாம் நிலையை எடுத்து, அதிகபட்சமான 30 சதவீத வாடகைப்படியைச் சேர்த்தாலும் மாதம் 87,100, வருஷத்துக்கு 10,45,200 ரூபாய்தான் வரும். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது. சம்பளம் என்ற தலைப்பில் வந்தால் 75,000 நிலைக்கழிவும் (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) உண்டு. ஆக, ஃபெலோஷிப் என்று சொன்னாலும் சரி, சம்பளம் என்று சொன்னாலும் சரி, வரி பூஜ்யம்.

பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, வேறு கழிவு எதுவும் காட்டாமல் இருந்தால் இதே தொகைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரி போகும். அதனால்தான் ஒரு காலத்தில் 1961 சட்டத்தின் 10(16) பிரிவைப் பிடித்துக்கொண்டு அத்தனை வாக்குவாதம் நடந்தது. படிப்புச் செலவுக்குத் தரும் உதவித்தொகைக்கு வரி இல்லை என்பது அந்தப் பிரிவு. பிஎச்.டி. முடித்தவர் வாங்குவதும் அதில் சேருமா, வேலை வாங்கிக்கொண்டு தரும் பணம் சம்பளம் ஆகாதா என்று இரண்டு பக்கமும் பேசலாம். புதிய முறையிலும் அந்த விலக்கு உண்டு. ஆனால் 12 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்கள் அதற்காக மல்லுக்கட்ட வேண்டிய தேவையே இப்போது இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வரி இல்லை என்றாலும் பணம் பிடிபடும் இடம் ஒன்று இருக்கிறது. ப்ராஜெக்டில் தொகுப்பூதியத்துக்கு இருந்த ஒரு பெண்ணின் 26ஏஎஸ்-ஐ, அதாவது வரிப் பிடித்த விவர அறிக்கையை, திறந்து பார்த்தேன். மாதம் 67,000க்கு நேராக 6,700, 6,700 என்று வரிசையாக இறங்கியிருந்தது. பிரிவு என்ற இடத்தில் 194ஜே. அதாவது அந்த நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவு அவரை ஊழியராகவும் எழுதவில்லை, ஃபெலோவாகவும் எழுதவில்லை. வெளியிலிருந்து தொழில்முறைச் சேவை தருகிறவராக எழுதி, கட்டணத்துக்குப் பத்து சதவீதம் பிடித்துவிட்டது. வருஷத்துக்கு 80,400 ரூபாய். கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லாதவரின் பணம், ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்வரை முடங்கிக் கிடக்கும். எளிய ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1 போட முடியாது, நிலைக்கழிவும் கிடைக்காது. பிஎச்.டி. கடனோ வீட்டு வாடகையோ காத்திருக்காது. எனக்கு இது உண்மையிலேயே கோபம் வரவழைக்கிற விஷயம். சேரும்போதே "டிடிஎஸ் எந்தப் பிரிவில்?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள்.

தொழில்வரி சின்னத் தொகை. கேரளத்தில் அதை உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது. அரையாண்டு வருமானம் ஒன்றேகால் லட்சத்தைத் தொட்டால் 1,250 ரூபாய். கோயம்புத்தூரில் குடியிருந்துகொண்டு கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்தால் வேலை பார்க்கும் இடத்தில்தான் கட்ட வேண்டும். ஆந்திரப் பக்கம், ஏர்ப்பேட்டில் இருக்கும் திருப்பதி ஐஐடி, ஐசர் மாதிரி இடங்களில் மாதம் 200, வருஷத்துக்கு 2,400. எந்த மாநிலமானாலும் அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவுப்படி வருஷத்துக்கு 2,500ஐத் தாண்டக் கூடாது.

பிஎஃப் பிடிப்பார்களா என்று கேட்பவர்களுக்கு: முதல் வேலையிலேயே அடிப்படைச் சம்பளம் 15,000க்கு மேல் என்றால் கட்டாயமில்லை. ஏற்கெனவே பிஎஃப் கணக்கு இருந்தால் தொடர வேண்டும், குறைந்தது 1,800 ரூபாய். ஃபெலோஷிப்பில் இந்தப் பேச்சே இல்லை. அதை மிச்சம் என்று நினைக்காதீர்கள். நிறுவனம் போடும் பங்கும் சேர்ந்துதான் போகிறது.

அமெரிக்கா: இரண்டு கடிகாரம்

அங்கே பல பல்கலைக்கழகங்கள், அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்-சின் அளவுகோலை ஒட்டிச் சம்பளம் தருகின்றன. அனுபவம் இல்லாத போஸ்ட்டாக்குக்கு 2025இல் அது 62,232 டாலர். இதை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில், வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கும் வரை சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) இரண்டும் பிடிக்க மாட்டார்கள். சேர்த்து 7.65 சதவீதம், வருஷத்துக்கு 4,760 டாலர். எச்-1பி வேலை விசாவில் போகிறவருக்கு முதல் நாளிலிருந்தே பிடிப்பார்கள். இந்த விலக்கு காலண்டர் வருஷத்தில் எண்ணப்படுகிறது. முதல்முறை போகிறவர் ஜே-1இல் 2025 டிசம்பர் 20 இறங்கினால் 2025, 2026 என்று இரண்டு வருஷம் முடிந்துவிடும். 2026 ஜனவரி 2 இறங்கினால் 2026, 2027 இரண்டும் கிடைக்கும். பதின்மூன்று நாள் வித்தியாசத்தில் ஒரு முழு வருஷப் பிடித்தம் மிச்சம். சேரும் தேதியைப் பேராசிரியர் உங்கள் விருப்பத்துக்கு விட்டால், டிசம்பர் கடைசியை எடுக்காதீர்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. பத்து வருஷம் கட்டாமல் திரும்பினால் அந்தப் பணத்துக்கு ஓய்வூதியம் கிடையாது.

வருமான வரி வேறு கடிகாரம். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்காகப் போகிற இந்தியருக்கு, இறங்கிய தேதியிலிருந்து இரண்டு வருஷம் மத்திய வருமான வரி விலக்குத் தருகிறது. 8233 படிவத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் வரி பிடிக்காமல் தருவார்கள். விலக்கு இல்லாவிட்டால் 62,232 டாலருக்கு வெளிநாட்டவருக்கான வரி சுமார் 8,600 டாலர். நம்மூர்க் கணக்கில், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால், ஏழு லட்சத்தைத் தாண்டும்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் முகம் மலரும். ஆனால் இந்தியாவுக்கான பிரிவில் ஒரு பொறி உண்டு. தங்கல் இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டால் விலக்கு மூன்றாம் வருஷம் நிற்பது அல்ல, முதல் நாளிலிருந்தே செல்லாமல் போகும். இரண்டு நாட்டு அதிகாரிகளும் விதிவிலக்காக ஒத்துக்கொண்டால்தான் தப்பலாம். அதாவது 25ஆவது மாதமும் அங்கேயே இருந்தால், பின்னோக்கி 17,000 டாலருக்கு மேல் வரி, அதோடு வட்டி. "இன்னும் ஆறு மாதம் இருந்து பேப்பரை முடித்துவிட்டுப் போ" என்று பேராசிரியர் அன்பாகச் சொல்வார். அந்த ஆறு மாதத்தின் விலை அவருக்குத் தெரியாது.

அதனால் என் யோசனை நேரடியானது. இரண்டு வருஷத்தில் கட்டாயம் திரும்பப் போகிறீர்கள், வேலை இங்கே காத்திருக்கிறது என்றால் ஒப்பந்தத்தைப் பயன்படுத்துங்கள். கடிதத்திலேயே மூன்று வருஷம் என்று இருந்தாலோ, அங்கேயே வேலை தேடும் எண்ணம் இருந்தாலோ அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள். மாதாமாதம் வரி போகட்டும், தூக்கம் நன்றாக வரும். நடுவில் மனம் ஊசலாடுகிறவர்கள் விலக்கு வாங்கி, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கலாம். ஊருக்கு அனுப்பி வீட்டுக்கு மேல் மாடி எழுப்பிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

மாநில வரியையும் பாருங்கள். டெக்சஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியாவில் உண்டு, அதுவும் மத்திய அரசின் ஒப்பந்த விலக்கை அந்த மாநிலம் ஏற்பதில்லை.

ஊழியராக இல்லாமல் ஃபெலோவாக எடுத்தால் கதை மாறும். ஒப்பந்த விலக்குப் பொருந்தாத ஜே-1 ஃபெலோவுக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். வரிக் கணக்கில் உள்நாட்டவர் ஆனபின் பிடித்தமே இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கணக்குப் போட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ஊழியருக்கான மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியத் திட்டமும் பல இடங்களில் ஃபெலோவுக்குக் கிடைப்பதில்லை. ஜே-1 விதிப்படி குடும்பத்துக்கும் காப்பீடு கட்டாயம் என்பதால் மனைவி குழந்தையோடு போகிறவருக்கு இது பெரிய செலவு. ஆஃபர் தொகை ஒன்றாக இருந்தால் ஊழியர் பதவியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஜெர்மனி: நிறையப் பிடிப்பார்கள், நிறையத் தருவார்கள்

பல்கலைக்கழக ஒப்பந்தம் என்றால், மாநில அரசு ஊழியர் சம்பள அட்டவணையான டிவி-எல்-இல் இ13 நிலை. 2025இல் முழுநேரத்துக்கு, தொடக்கப் படியில், மாதம் 4,600 யூரோவை ஒட்டி. 2025 கணக்கில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3, மருத்துவத்துக்கு 7.3 அதோடு காப்பீட்டு நிறுவனம் வாங்கும் கூடுதல் பங்கில் பாதி, பராமரிப்புக் காப்பீட்டுக்கு 1.8, குழந்தை இல்லாதவருக்கு அதில் இன்னும் 0.6. சேர்த்தால் 21 சதவீதத்தைத் தாண்டும். அதன்மேல் சம்பள வரி. தனியாளுக்குக் கையில் 2,800 யூரோ சொச்சம் நிற்கும். கல்யாணமானவர் மனைவியை ஊரிலேயே விட்டுப் போனாலும் முதல் வரி வகுப்புதான், தனியாளுக்கான அதே பிடித்தம்.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து வீட்டில் அழுகிற குரலில் பேசிய பையன்கள் உண்டு. ஆனால் அந்த மருத்துவக் காப்பீட்டில் சம்பாதிக்காத மனைவியும் குழந்தைகளும் கூடுதல் பணமில்லாமல் சேர்ந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு மாதம் கட்டினால் ஒப்பந்தம் முடிந்தபின் வேலையின்மைத் தொகை கேட்க வழி உண்டு. ஓய்வூதியத்துக்கு 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டி ஊர் திரும்பியவர், 24 மாதம் கழித்துத் தன் பங்கைத் திரும்பக் கேட்கலாம். நிறுவனத்தின் பங்கு வராது. விபிஎல் என்ற துணை ஓய்வூதியத்துக்கு 60 மாதக் காத்திருப்பு இருக்கிறது. குறைந்த கால ஒப்பந்தத்தில் வந்த ஆராய்ச்சியாளர் அதிலிருந்து விலகி மாற்றுத் திட்டத்துக்குப் போகலாம், ஆனால் சேர்ந்த இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முகவரி பதியும்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் சம்பள வரியில் 8 அல்லது 9 சதவீதம் சர்ச் வரியாகப் போகும், மாதம் 60 யூரோவை ஒட்டி. கொடுப்பது அவரவர் விருப்பம், தெரிந்து கொடுங்கள்.

அங்கேயும் வரியில்லாத ஸ்டைபெண்ட் உண்டு. அது கையில் முழுசாக வரும், ஆனால் மேலே சொன்ன எதுவும் அதோடு வராது. காப்பீட்டை நீங்களே வாங்க வேண்டும். ஒரு வருஷத்துக்குத் தனியாகப் போகிறவர் ஸ்டைபெண்டை எடுக்கலாம். குடும்பத்தோடு போகிறவர் கையில் சில நூறு யூரோ குறைந்தாலும் ஒப்பந்தத்தையே எடுக்கட்டும்.

கிளம்பும் மாதமும் திரும்பும் வருஷமும்

வேலைக்காக வெளிநாடு போகிற இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் இங்கே 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. செப்டம்பர் கடைசிக்கு முன் விமானம் ஏறினால் அந்தக் கணக்குச் சரியாகும். ஜனவரியில் போனால் மார்ச் வரைக்குமான டாலர் சம்பளம் இங்கே வருமானமாகச் சேரும், அமெரிக்காவில் ஒப்பந்த விலக்கு வாங்கியிருந்தாலும் சேரும். மூன்று மாதச் சம்பளமே 13 லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அதுவரை இங்கே வாங்கியதையும் கூட்டினால் 12 லட்ச வரம்பு போய்விடும். சோஷியல் செக்யூரிட்டிக்கு ஜனவரி நல்லது, நம்மூர் வரிக்கு ஆகஸ்ட் நல்லது. ஒப்பந்த விலக்கு எடுக்கிறவருக்கு நான் ஆகஸ்ட் பக்கம்தான் சாய்வேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துத் திரும்பி, அந்த நிதியாண்டில் 182 நாள் இங்கே ஆகிவிட்டால், உடனே முழு உள்நாட்டவர்தான். அங்கே பேங்க் கணக்கோ ஓய்வூதியக் கணக்கோ மூடாமல் இருந்தால் ஐடிஆர்-1 போடக் கூடாது. ஐடிஆர்-2இல் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ அட்டவணையில் காட்ட வேண்டும், அதுவும் காலண்டர் வருஷக் கணக்கில். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபர் முதல், நிலம் வீடு நீங்கலாக மொத்தம் 20 லட்சம் வரையான சொத்துக்கு அந்த அபராதம் இல்லை, ஆனால் காட்டும் கடமை அப்படியேதான் இருக்கிறது. அந்த ஊர் சிம்மை ஒப்படைக்கும் முன் பேங்க் ஸ்டேட்மென்ட், அமெரிக்கா என்றால் வருமானச் சான்றுகளான 1042-எஸ், டபிள்யூ-2, ஜெர்மனி என்றால் வருடாந்திர வரிச் சான்று எல்லாவற்றையும் டவுன்லோட் செய்து வையுங்கள். சிம் போனபின் ஓடிபி வராது, கணக்குக்குள் நுழைய முடியாது.